துப்பாக்கி வந்தது; கண் வரத் தாமதம்

ராணுவத்துக்கு 72,400 சிக் 716 ரகத் துப்பாக்கிகளை வாங்க 2019 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ரகத்துக்கான இரவுநேரக் குறிநோக்கிகளுக்கு ரூ.659.47 கோடியில் ஒப்பந்தம் போடப்பட்டதோ 2025 அக்டோபரில். துப்பாக்கிக்கு ஒரு கோப்பு, குறிநோக்கிக்கு மற்றொரு கோப்பு என தில்லியில் காகிதங்கள் தனித்தனியே நகர்வதன் விளைவு இது.

நாட்டில் இத்தொழில் தெரியாதவர்கள் இல்லை. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், தனது மசூலிப்பட்டினம் ஆலையில் இரவுநேரக் கருவிகளைத் தயாரிக்கிறது. வெப்பத்தைக் கொண்டு இலக்கைக் காட்டும் குறிநோக்கிகளை உருவாக்கும் தனியார் நிறுவனமான டோன்போ இமேஜிங்கும் அந்நகரில்தான் இருக்கிறது.

ஆனால், வாங்குவதோடு வேலை முடிவதில்லை. குறிநோக்கியைக் கழற்றி மாட்டினால் குண்டு படும் இடம் விலகக்கூடும். மீண்டும் சுட்டுச் சரிபார்க்கத் தோட்டாக்கள் வேண்டும். லடாக் குளிரில் பேட்டரி விரைவில் தீரும். வடகிழக்கின் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை படரும். கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளியோ, இரவுநேரக் கருவி வைத்திருக்கும் எதிரிக்கும் தெரியும் (விற்பனைக் கையேடுகள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை).

மக்களவையில் எத்தனை வாங்கப்பட்டன, என்ன விலை என்றே பெரும்பாலும் கேட்கிறார்கள். பழுதாகிக் கிடப்பவை எத்தனை? பெங்களூரு நிறுவனங்களின் பழுதுநீக்கும் பணிமனைகள் எல்லைக்கு அருகே ஏன் அமையக் கூடாது? அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் தமிழக உறுப்பினர்களாவது இதைப் பாதுகாப்பு அமைச்சரிடம் கேட்கட்டும். பாதுகாப்புக் காரணங்களால் எண்ணிக்கையைக் கூற இயலாது என்றால், நிலைக்குழுவிடமாவது அவர் கூறட்டும்.