அண்டார்டிகாவில் சளி பிடிக்குமா?



டாக்டராகி அண்டார்டிகா போகணும் என்பது என் ஆசை. வீட்டில் சொன்னேன். "ஒரு குச்சி ஐஸ் தின்னா மூணு நாள் மூக்கை உறிஞ்சுற. உனக்கு அண்டார்டிகாவா?" என்று அம்மா சிரிச்சாங்க. அவங்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

சளியை உண்டாக்குவது வைரஸ். குளிர் அதுக்குக் கொஞ்சம் வழிவிடலாம், ஆனா வைரஸ் இல்லாமல் வெறும் குளிரால் சளி வராது. அண்டார்டிகாவில் குளிர்காலத்தில் பல தளங்களுக்கு யாராலும் போக முடியாது. புது ஆள் வராவிட்டால் புதுக் கிருமி ஏது? 2020 டிசம்பரில் சிலி நாட்டின் ஓஹிகின்ஸ் தளத்தில் 36 பேருக்குக் கொரோனா வந்தது. அது பனியில் முளைக்கவில்லை, ஆட்களோடு வந்தது.

'ஆகவே பயமில்லை' என்று முடித்துவிட நினைத்தேன். அப்போதுதான் ஒரு பழைய சம்பவத்தைப் படித்தேன். 1969-இல் ஒரு பிரிட்டிஷ் தளத்தில் 12 பேர் இருந்தாங்க. 17 வாரமாக வெளியாள் யாரும் வரவில்லை. திடீரென்று ஒருவருக்குச் சளி, அடுத்து இன்னொருவருக்கு, இப்படி 6 பேருக்கு! பரிசோதித்தும் எந்தக் கிருமி என்று பிடிபடவில்லை. அவங்களில் ஒருவர் உடம்பிலேயே ஒளிஞ்சிருந்ததோ என்னவோ.

அப்படி ஒளிஞ்சிருக்கிற வைரஸ்கள் உண்மையிலேயே உண்டு. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுந்துவிடாமல் வெள்ளை அணுக்கள் காவல் காக்கின்றன. ஆஸ்திரேலியத் தளங்களில் குளிர்காலம் முழுக்கத் தங்கியவர்களின் எச்சிலைச் சோதித்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளிவந்தது. தனிமையில் இருந்த மாதங்களில் இந்த வைரஸ் எச்சிலில் அதிகமாக வந்திருந்தது. காவல் தளர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

தளர்த்தியது குளிர் மட்டும்தானா? கட்டடத்துக்குள் ஹீட்டர் இருக்கு, வெளியே போனால் கனத்த கோட்டு இருக்கு. ஆனால் இருட்டுக்கு என்ன செய்வது? பிரான்சும் இத்தாலியும் நடத்தும் காங்கார்டியா தளத்தில் மே மாதம் மறையும் சூரியன் ஆகஸ்டில்தான் எட்டிப் பார்க்கும். சுமார் ஒன்பது மாதம் அதே பத்துப் பதினைந்து முகங்கள். தூக்கம் கெடும். ஊரில் நல்லது கெட்டது நடந்தாலும் போக முடியாது. கவலையில் சுரக்கும் கார்ட்டிசோல் வெள்ளை அணுக்களை அடக்கிவிடும். போதாக்குறைக்கு, 3,200 மீட்டர் உயரம் என்பதால் ஆக்சிஜனும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அங்கே நடந்த ஆய்வில் வெள்ளை அணுக்கள் தேவைக்கு மேல் முறுக்கிக்கொண்டு நின்றது தெரிந்தது. (வேலையில்லாத வாட்ச்மேன் தூங்குவார், இல்லாட்டி நிழலைப் பார்த்தே விசில் அடிப்பார்!)

நம்ம விநாடி வினாவில் அண்டார்டிகா என்றால் "மைனஸ் எத்தனை டிகிரி?" என்றுதான் கேட்கிறோம். என்னைக் கேட்டால் அது பாதிக் கேள்விதான். அங்கே போகிறவர்களுக்குக் கம்பளிக் கோட்டு எவ்வளவு முக்கியமோ, நல்ல விளக்கு வெளிச்சமும் நேரத்துக்குத் தூக்கமும் வீட்டோடு பேச ஒரு போனும் அவ்வளவு முக்கியம். அதையெல்லாம் சொகுசு என்று நினைக்கக் கூடாது, மருந்துக் கணக்கில் சேர்க்கணும்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குச்சி ஐஸ் விஷயத்தை இன்னும் ஒத்துக்கவில்லை. "சாரணர் முகாமில் ரெண்டாம் நாளே போன் பண்ணி அழுதவன், ஒன்பது மாசம் இருந்துடுவியா?" என்று கேட்டாங்க.

அதுக்கு மட்டும் என்கிட்ட இன்னும் பதில் இல்லை.