மருந்தோடு விளக்கமும் வேண்டும்!

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, கடலோரத்தில் அமைந்தது உடப்பு. கரைவலை இழுத்து வாழும் தமிழ் மக்களின் ஊர். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பால் நாடறிந்த ஊர். அவ்வூர்ப் பெற்றோர், மனநோயுற்ற தம் பிள்ளையை அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கின்றனர் என்று கொள்வோம். மருந்து கிடைக்கிறது. அம்மருந்தைப் பற்றிய விளக்கம் கிடைக்கிறதா? கிடைத்தாலும், அவர்களுக்கு விளங்கும் மொழியில் கிடைக்கிறதா?

மனநோய் மருந்துகளை நாம் இகழவில்லை. 1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகர வைத்தியர்கள் குளோர்புரோமசீன் என்னும் மருந்தை மனநோயாளருக்குக் கொடுக்கத் தொடங்கிய பின்னரே, நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த பலர் வீடு திரும்ப வழி பிறந்தது. ஆயினும் நன்மை செய்யும் மருந்து தொல்லையும் தரக்கூடும். ரிஸ்பெரிடோன் உண்ணும் பிள்ளைக்குப் பசி மிகுந்து உடல் பருக்கலாம். மெதைல்பெனிடேட் உண்ணும் பிள்ளைக்குப் பசி குன்றி உறக்கம் கெடலாம். ஹலோபெரிடோல் போன்ற மருந்துகளைத் தொடங்கிய முதற் சில நாட்களில், சில பிள்ளைகளுக்குக் கழுத்து ஒருபுறம் முறுகும், தாடை இறுகும், கண்கள் மேலே செருகி நிற்கும்.

முன்னறிவிப்பின்றி இக்கோலத்தைக் காணும் தாய் என்செய்வாள்? பேய் பிடித்ததென்று மந்திரிப்பவரிடம் ஓடுவாள். அல்லது மருந்தே நஞ்சென்று வீசியெறிவாள். திடீரென மருந்தை நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். அவளைப் பேதையென்று பழிப்பது நீதியாகாது. வைத்தியசாலையில் போடும் ஓர் ஊசி அந்த இறுக்கத்தை விரைவில் தணித்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டவர்களே பழிக்குரியவர்கள். வயலுக்குக் கிருமிநாசினி வாங்கும் உழவர்கூட அளவையும் ஆபத்தையும் கேட்டறிந்தே வாங்குகிறார். பெற்ற பிள்ளையின் வாயில் இடும் மருந்துக்கு அவ்விளக்கம் வேண்டாமா?

இது எவரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி அமைந்த அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும், அரசாங்க அலுவலருடன் தமிழில் கருமமாற்றவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் உரித்தளிக்கின்றது. வைத்தியசாலை வாசலில் அவ்வுரித்து நின்றுவிடுவதில்லை என்பதே எமது துணிபு.

ஆகவே சுகாதார அமைச்சை நாம் கோருவது இது: மனநோய் மருந்து பெறும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும், அம்மருந்தின் பயனும் பக்கவிளைவும் கூறும் தமிழ்த் துண்டறிக்கை வழங்கப்படல் வேண்டும். புத்தளம் மாவட்ட மனநல சிகிச்சை நிலையங்களில் தமிழில் விளக்கவல்ல ஒருவர் இருத்தல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். கண்ட தொல்லையை மறைக்கவும் வேண்டாம். மருந்தின் அளவு, உறக்கம், உணவு, மாதந்தோறும் உடல் நிறை ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். கழுத்தோ கண்ணோ இழுத்தாலும், கடுங்காய்ச்சலோடு உடல் விறைத்தாலும், பொழுது விடியக் காத்திராது வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

எழுதத் தெரியாதோர்க்குத் தமிழறிந்த ஆசிரியரும் வைத்தியரும் வழக்கறிஞரும் துணைநிற்கட்டும். மொழியுரிமைக்கு மேடைதோறும் முழங்கும் நாம், நள்ளிரவில் பிள்ளையை மடியிலிட்டுத் தவிக்கும் தாய்க்கு அவ்வுரிமையைக் கிட்டச்செய்யாவிடின், அம்முழக்கத்தால் யாருக்கு என்ன பயன்?