சண்டையே இல்லாத சங்கம்

ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் சங்கத் தலைவர்கள் சிலர் பெருமையுடன் கூறும் வார்த்தை ஒன்று உண்டு. "எங்கள் சங்கத்தில் சண்டை சச்சரவு என்ற பேச்சுக்கே இடமில்லை" என்பார்கள். இதைக் கேட்டு மகிழ வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. எனக்கோ தறிப் பேரேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே முதலில் எழுகிறது. பார்த்தால், அங்கத்தினரில் பெரும்பகுதியினர் பல மாதங்களாக நூலே வாங்கவில்லை என்பது தெரியவரும். அவர்கள் சண்டையிடவில்லை என்பது உண்மைதான். தறியை நிறுத்தியோ, வெளி முதலாளியிடம் பாவு வாங்கியோ, சங்கத்தின் படியை மிதிக்காமல் ஒதுங்கிவிட்டார்கள். மகாசபைக்கு வந்து மேஜையைத் தட்டிக் கேட்கும் அங்கத்தினர், சங்கம் தம்முடையது என்று இன்னும் நம்புகிறவர். அவரைக் கண்டு மனம் சலிக்கும் நிர்வாகிகள், பேசாமல் போய்விட்டவர்களின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக.

சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று நெசவாளருக்கு எவரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடும் காலைப்பொழுதில் அண்டை வீட்டார் கை கொடுக்காமல் காரியம் நடவாது. வெயில் ஏறுவதற்குள் இழை ஒட்டாமல் பிரித்து உலர்த்தியாக வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓடுகிறது. கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர வேண்டும். ஒருவர் கை பிந்தினால் கோர்வை பிசகிவிடும். இத்தகைய ஒழுங்குக்குப் பழகிய மக்கள், சங்கக் கட்டடத்திற்குள் நுழைந்ததும் ஏன் முறைத்துக்கொள்கிறார்கள்? தறியில் இருவர் கண்ணும் ஒரே இழையின்மீது இருக்கிறது. சங்கத்திலோ ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிவதில்லை. நூலை நிறுப்பவர் ஒருவர், நெய்பவர் ஒருவர், தரம் பிரிப்பவர் ஒருவர், கூலி எழுதுபவர் ஒருவர். இடையில் இருப்பதெல்லாம் சுவர். நமது பூசல்களுக்கு மனிதர்களின் கெட்ட குணத்தைவிட இந்தச் சுவரே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நலன்கள் மாறுபடுவதும் இயல்பே. கூலி உயர வேண்டும் என்று நெசவாளர் கேட்பதும், விலை ஏறினால் துணி தேங்கும் என்று விற்பனைப் பிரிவு கூறுவதும் இரண்டுமே நியாயம். கூட்டுறவின் தாயகம் என்று நாம் போற்றும் இங்கிலாந்தின் ராச்டேல் நகரிலும் இப்படித்தான் நடந்தது. 1844-ல் 28 பேர் கடை திறந்த கதையை நமது பயிற்சி வகுப்புகளில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதே இயக்கத்தினர் 1854-ல் கூட்டுறவு முறையில் ஒரு பஞ்சாலை அமைத்து, லாபத்தில் தொழிலாளருக்கும் பங்கு உண்டு என்று விதித்ததும், பின்னர் சேர்ந்த பங்குதாரர்கள் 1862-ல் வாக்கெடுத்து அந்தப் பங்கை ரத்து செய்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முன்னோடிகளுக்கே முதல் போட்டவர் பக்கமும் உழைத்தவர் பக்கமும் என்று பிளவு வந்ததெனில், நமது சங்கத்தில் கருத்து வேற்றுமை எழுவதை அவமானமாகக் கருத வேண்டியதில்லை.

இனி, அன்றாடம் காணும் ஒரு பூசலை எடுத்துக்கொள்வோம். கொடுத்த நூலின் எடைக்கும் திரும்பி வந்த துணியின் எடைக்கும் கணக்கு ஒவ்வவில்லை என்பதே அது. குறைவு விழுந்தவுடன் "நூலைக் கையாடிவிட்டார்" என்று ஒரு பக்கமும், "தராசில் ஏமாற்றுகிறார்கள்" என்று மறு பக்கமும் பேச்சு கிளம்பும். பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஐப்பசி அடைமழையில் நிறுத்த நூலுக்கும், அதே நூல் வறண்ட கோடையில் இருக்கும் எடைக்கும் நூற்றுக்கு 2, 3 பங்கு வேறுபாடு வருவது சாதாரணம். 20 கிலோ நூலில் அது அரைக் கிலோ. கஞ்சி எடையைக் கூட்டுகிறது, கழிவு குறைக்கிறது. இத்தனையும் சேர்ந்த கணக்கில் சில நூறு கிராம் குறைவதைக் கொண்டு ஒரு மனிதரைத் திருடர் என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் பேத்தியின் கல்யாணம் வரைக்கும் மறப்பதில்லை.

தவறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று தேடாமல் யார் செய்தார் என்று தேடுவதால் விளையும் கேட்டை ஒரு சங்கத்தில் நேரில் கண்டேன். ஊரின் பெயர் வேண்டாம். படுக்கை விரிப்பு நெய்யும் சங்கம் அது. ஒரு மாதத்தில் வந்த நீல விரிப்புகள் சிலவற்றில் குறுக்கே பட்டை விழுந்திருந்தது. ஊடையில் நிறம் மாறியிருந்தது. தரம் பிரிப்பவர் அவற்றை இரண்டாந்தரம் என்று ஒதுக்கினார். கூலியில் பிடித்தம் எழுதப்பட்டது. பாதிக்கப்பட்ட நெசவாளர் ஒருவர், சாயம் போட்டதில்தான் கோளாறு என்று கூச்சலிட்டார். நூல் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், "பழைய நூலை வீட்டில் வைத்திருந்து கலந்து நெய்துவிட்டு எங்கள்மேல் பழி போடுகிறார்" என்றார். இருவரும் மைத்துனர்கள். மூன்று வாரத்திற்குள் இரண்டு தெருக்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. நிர்வாக சபையிலும் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

நான் சென்ற சமயம், யாருடைய வாக்குமூலத்தையும் வாங்குவதற்கு முன்பு, ஒதுக்கிய விரிப்புகளை முற்றத்தில் வரிசையாக விரிக்கச் சொன்னேன். பதினொன்று இருந்தன. நான்கு தெருக்களைச் சேர்ந்த ஏழு நெசவாளர்கள் நெய்தவை. எல்லாவற்றிலும் அதே இரு நீலங்கள். நூல் வழங்கும் பதிவேட்டைப் புரட்டினால், எழுவருக்கும் ஊடை நூல் கொடுத்தது ஒரே நாள். பிறகு விசாரிக்க அதிகம் இருக்கவில்லை. முந்தைய சாயத் தொட்டியில் மீந்த சிட்டங்கள் புதிதாக வந்த சிட்டங்களோடு ஒரே அடுக்கில் வைக்கப்பட்டிருந்தன. விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கிடங்குக்காரரும் வேண்டுமென்று செய்யவில்லை, நெசவாளரும் கலக்கவில்லை. பிடித்தம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு தொட்டிச் சாயத்திற்கும் எண் எழுதிய சீட்டைச் சிட்டத்தில் கட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று. மைத்துனர்கள் இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. முதல் நாளே துணியை விரித்திருந்தால் வார்த்தை அந்த அளவுக்குத் தடித்திராது.

ஆகவே தாமதம்தான் பெரிய பகை. புகார் வந்த அன்றே, மிஞ்சினால் மறுநாள், பொருளை முன்னால் வைத்து இரு தரப்பாரையும் ஒருசேர அழைத்துக் கேட்பது நல்லது. தனித்தனியே அழைத்துக் கேட்டால், வெளியே வரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி சேர்ந்திருக்கும். உறவினர் விஷயம் வரும்பொழுது சம்பந்தப்பட்ட நிர்வாக சபை அங்கத்தினர் எழுந்து வெளியே செல்வது பண்பு. முடிவைக் காரணத்தோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும்.

பெரியவர்கள் செய்துவைக்கும் சமாதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "விட்டுக் கொடுத்துப் போங்கள்" என்பது நல்ல புத்திமதிதான். ஆனால் விட்டுக் கொடுப்பவர் எப்போதும் ஒருவரே என்றால் அதைச் சமாதானம் என்று எப்படி அழைப்பது? இளம் நெசவாளர்கள், வீட்டில் தார் சுற்றும் பெண்கள் ஆகியோரின் முறையீடு இப்படித்தான் அமுங்கிப் போகிறது. அங்கத்தினர் பட்டியலில் பெயரில்லாத பெண்களின் குறையைக் கேட்கப் பல சங்கங்களில் வழியே இல்லை. அவர்கள் சுற்றும் தார் இல்லாமல் எந்த நாடா ஓடும்?

விவசாய அங்கத்தினர்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது. பால் சங்கத்தில் கொழுப்பை உறுப்பினர் கண்முன்னே சோதித்து அளவை அவர் புத்தகத்தில் அப்போதே எழுதிக் கொடுக்கும் இடத்தில், குறைந்த விலை கிடைத்தவரும் மாட்டுத் தீவனத்தைப் பற்றி யோசித்தபடி வீடு திரும்புகிறார். உள்ளே கொண்டுபோய்ச் சோதித்து மாலையில் அளவைச் சொல்லும் இடத்தில் அதே மனிதர் காரியதரிசியின் குலத்தைப் பற்றிப் பேசுகிறார்.

இவையெல்லாம் பலிக்காதபோது சட்டம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 90-ஆம் பிரிவின்படி, சங்கத்தின் அமைப்பு, நிர்வாகம், தொழில் பற்றிய தகராறுகளைப் பதிவாளரிடம் கொண்டுசெல்ல வழி செய்திருக்கிறது. சம்பளம் பெறும் ஊழியர்மீது சங்கம் எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை அந்தப் பிரிவில் அடங்காது. இது பலருக்குத் தெரியாமல் மனு எழுதி அலைகிறார்கள். அந்த வழியில் போவது அங்கத்தினரின் உரிமை. எனினும் விசாரணை நடக்கும் மாதங்களில் தறி ஓடுமா என்பதை இரு தரப்பாரும் எண்ணிப் பார்க்கட்டும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியவை சில உண்டு. தராசின் முகத்தை நூல் வாங்குபவர் பக்கம் திருப்பி வைக்கலாம். முதல் தரம், இரண்டாந்தரம் ஆகியவற்றின் மாதிரித் துணிகளைச் சுவரில் மாட்டி, எந்தக் குறைக்கு எவ்வளவு பிடித்தம் என்று கீழே எழுதலாம். நூல் வழங்கும் பதிவேட்டில் சாயத் தொட்டி எண்ணுக்கு ஒரு பத்தி சேர்க்கலாம். நிர்வாக சபை இவற்றைத் தானே செய்யாவிட்டால், அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி அங்கத்தினர் எவரும் எழுதிக் கேட்கலாம். அறிவிப்பு அச்சாகும் முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்வது நல்லது.