நாகையா, தூத்துக்குடியா?

கனடாவில் வாழும் என் தம்பி முறையான ஒருவரின் மகன் விடுமுறைக்கு அளவெட்டிக்கு வருகிறான். அப்படியே ஒரு வாரம் தமிழகமும் சென்று மீள எண்ணம். சென்னை வேண்டாம், ஏதேனும் ஒரு துறைமுகப் பட்டினம் போதும் என்கிறான். நாகப்பட்டினமா, தூத்துக்குடியா என்பது கேள்வி. கேட்டதோடு நில்லாமல், “இரண்டும் அழுக்காத்தான் கிடக்கு, பெரியப்பா. எது பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ” என்றும் சேர்த்துக்கொண்டான்.

அந்தப் ‘பரவாயில்லை’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

துறைமுகம் ஒரு நாட்டின் குசினி. சமைக்கிற குசினியில் கரியும் புகையும் இருக்கவே செய்யும். மீனும் உப்பும் நிலக்கரியும் டீசலும் மணக்காத துறைமுகம் தொழில் நின்றுபோன துறைமுகமாகவே இருக்கும். காங்கேசன்துறையை அப்படிப் பல ஆண்டுகள் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே, எது அழகு என்று கேட்பதை விட்டு, எந்த ஊரோடு நமக்கு முடியாத கணக்கு இருக்கிறது என்று கேட்பதே முறை.

தூத்துக்குடியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1906 ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பனியைத் தொடக்கி, வெள்ளையரின் கம்பனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர் அது. முத்துக்குளித்த பரதவரின் பனிமய மாதா கோயிலும், கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பளங்களும் அங்கே உண்டு. 2018 மே மாதத்தில், தாமிர உருக்காலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது பொலிஸார் சுட்டதில் பதின்மூவர் மாண்டதும் அங்கேதான். அந்த ஊருக்குப் போகிறவன் வெறுங்கையோடு திரும்பமாட்டான்.

எனினும் என் வாக்கு நாகைக்கே.

1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து அடுத்தடுத்துப் பறித்தனர். இரு ஊர்களின் தலையெழுத்தையும் ஒரே கை எழுதியது. அதற்கும் ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்னர், இராசராசன் காலத்தில், ஸ்ரீவிஜய மன்னன் கட்டுவித்த சூடாமணி விகாரை நின்ற கரையும் அதுவே. 2004 டிசெம்பர் 26 காலையில் நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அதே கடல், எங்கள் வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் விட்டுவைக்கவில்லை.

அளவெட்டிக்காரனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாழ்ந்த ஊர் இது. காவிரிப் படுகையின் வித்துவான்கள் எங்கள் கோயில் திருவிழாக்களுக்கு வந்து வாசித்தார்கள். எங்களவர் அங்கே சென்று வாசித்தார்கள். நாகையில் இறங்கினால் திருவாரூர் ஒரு மணிநேரப் பஸ் பயணம்.

“எங்கள் கடலை வாரிச் செல்லும் இழுவைப் படகுகளின் ஊருக்கா எங்கள் காசைக் கொடுப்பது?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வலை அறுபட்ட எங்கள் கடற்றொழிலாளியின் கண்ணீர் உண்மையானது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தும் அந்தக் கண்ணீர் நிற்கவில்லை. ஆனால் போகாமல் இருப்பதால் அறுந்த வலை பொருந்திவிடுமா? அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் நின்று அந்தப் படகுகளைப் பாருங்கள். அவற்றில் கூலிக்குப் போகிறவனும் சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவனாக இருக்கலாம். எங்கள் பக்கத்துக் கதையை அவனிடம் தமிழிலேயே சொல்லலாம். கொழும்பும் டில்லியும் பேசுவதைப் பத்திரிகையில் எழுதிக் களைத்தவன் சொல்கிறேன்: இரண்டு கரைகளும் நேரிற் பேசாதவரை இது தீராது.

கடைசியாக, முக்கியமானது. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகி, காங்கேசன்துறை எங்களுக்கு எட்டாத ஊராயிற்று. 2023 ஒக்டோபர் 14 அன்று அங்கிருந்து நாகைக்குக் கப்பற்சேவை தொடங்கியபோது மகிழ்ந்தோம். சில நாட்களிலேயே அது நின்றது. 2024 ஓகஸ்ட் 16 இல் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ அறுபது கடல்மைல், நான்கு மணிநேரம். கொழும்பு–தூத்துக்குடிக் கப்பல் 2011 யூனில் தொடங்கி அதே ஆண்டு நவம்பரில் நின்றதை மறக்கவேண்டாம். நாம் இரவெல்லாம் பஸ்ஸில் கொழும்புக்குப் போய்க் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிக்கொண்டே, ‘எங்கள் கடற்பாதை’ என்று மேடையில் முழங்குவதில் என்ன பொருள்? ஆளில்லாக் கப்பலை எந்தக் கம்பனி ஓட்டும்?

பெறாமகனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: மாரிக்கு முன் வா. கப்பல் ஓடும் நாட்களை விசாரித்துக்கொள். கடவுச்சீட்டும் வீசாவும் மறவாதே. அளவெட்டியிலிருந்து துறைமுகம் சைக்கிளில் போகிற தூரம். நானே கொண்டுபோய் விடுகிறேன். நாகையில் மீன் மணக்கும். மணக்கட்டும்.