பத்து நாள் மிஷன் டிரிப்: நீங்கள் திரும்பிய பிறகு அங்கே என்ன நடக்கும்?

"டிசம்பர் லீவுல பத்து நாள், நேப்பாளம். பாதிச் செலவைச் சபை பாத்துக்கும். வர்றியா?"

தேவாலய இளையர் குழுவில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி புதிதல்ல. பள்ளி விடுமுறை நெருங்கினால் கம்போடியா, தாய்லந்து, பாத்தாம், தமிழ்நாடு என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் வரும். கூடப் படித்தவர்கள் போய்வந்த படங்களை இன்ஸ்டகிராமில் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துவர் அல்லாத சிலரும், நண்பர் கூப்பிட்டார் என்பதற்காக ஒரு கிராமப் பள்ளிக்கு வண்ணம் பூசப் போனதுண்டு.

போகலாமா வேண்டாமா என்பது உங்கள் நம்பிக்கை, உங்கள் வீடு சம்பந்தப்பட்ட விஷயம். அதில் நாம் தலையிடப் போவதில்லை. இங்கே பார்க்கப்போவது வேறு இரண்டு கேள்விகள். அங்கே நீங்கள் செய்யும் வேலைக்கு அந்நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இல்லை என்றால், அதன் விலையைக் கொடுப்பது யார்?

முதல் கேள்வியைச் சிலராவது கேட்கிறார்கள். இரண்டாவது எளிதில் விட்டுப்போகும்.

சிங்கப்பூரிலிருந்து ஏன் இந்தப் பயணங்கள்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்துவர்கள். 1978இல் அமெரிக்கப் போதகர் பில்லி கிரகாம் தேசிய விளையாட்டரங்கில் நடத்திய கூட்டங்களை மூத்த தலைமுறையினர் இன்னும் பேசுவார்கள். சிங்கப்பூரை 'ஆசியாவின் அந்தியோகியா' என்று தேவாலயங்களில் சொல்வதும் கேட்டிருப்பீர்கள். பைபிளில் பவுல் வெளியூர் ஊழியத்துக்குப் புறப்பட்ட நகரம் அந்தியோகியா. அதாவது ஆளனுப்பும் ஊர்.

அதோடு விமானச் சீட்டும் மலிவு. பாத்தாமுக்குப் படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

"டூரிஸ்ட் விசா போதாதா?"

நம்மில் பலருக்கு நெருக்கமான இந்தியாவையே எடுத்துக்கொள்வோம்.

இந்தியாவின் சுற்றுப்பயணி விசாவில் ஊர் சுற்றலாம், உறவினரைப் பார்க்கலாம், வழிபாட்டு இடங்களுக்குப் போகலாம், அங்கே நடக்கும் பிரசங்கத்தைக் கேட்கலாம். சம்பளம் வாங்காமல் ஒரு மாதம் வரை தொண்டூழியம் செய்யவும் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் சமயக் கருத்துகளைப் போதிப்பது, வழிபாட்டு இடத்தில் உரையாற்றுவது, சமயத் துண்டுப்பிரசுரம் கொடுப்பது, மதமாற்ற முயற்சி ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. சமயப் பணிக்கென்று மிஷனரி விசா தனியாக இருக்கிறது. அதிலும் மதமாற்றத்துக்கு இடமில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? பெயின்ட் அடிக்கலாம், பிரசங்கம் பண்ணக் கூடாது. சிக்கல் வருவது ஞாயிற்றுக்கிழமை காலையில். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னச் சபை. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். திடீரென்று மைக் உங்கள் கைக்கு வருகிறது. "சிங்கப்பூர்லருந்து வந்திருக்கிற தம்பி ரெண்டு வார்த்தை சாட்சி சொல்வாங்க."

தமிழ் தெரியும் என்பதால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மறுத்தால் மரியாதைக் குறைவு. பேசினால், அது விதி தடுக்கும் உரையாகப் பார்க்கப்படலாம். அந்த நிமிடத்தில் என்ன செய்வதென்று இங்கிருந்து கிளம்பும் முன்பே பேசி முடிவுசெய்யாத குழு, அங்கே போய் முடிவுசெய்ய முடியாது.

இந்த விதி கிறிஸ்துவர்களுக்கு மட்டும் அல்ல. 2020 ஏப்ரலில், கிருமிப்பரவல் தொடங்கிய வேளையில், டெல்லியில் தப்லீக் ஜமாத் கூட்டத்தோடு தொடர்புடைய 960 வெளிநாட்டினரின் விசாவை இந்தியா ரத்துசெய்து அவர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. சொல்லப்பட்ட காரணம் இதேதான்: சுற்றுப்பயணி விசாவில் வந்து சமயப் பணி செய்தார்கள்.

நேப்பாளம் இன்னும் கடுமை. 2015 அரசியலமைப்பே மதமாற்றத்தைத் தடைசெய்கிறது. 2018 ஆகஸ்ட்டில் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றுவதற்கும் அதற்கு முயல்வதற்கும் 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேப்பாள ரூபாய் வரை அபராதம். குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாடுகடத்தப்படுவார். சீனாவும் வெளிநாட்டவரின் சமய நடவடிக்கைகளுக்கான விரிவான விதிகளை 2025 மே 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்தது.

நம் ஊரில் மட்டும் என்ன?

"இதெல்லாம் சமய சுதந்திரத்துக்கு எதிரானது" என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த விவாதத்துக்கு இடம் உண்டு. நேப்பாளச் சட்டத்தை மனித உரிமை அமைப்புகள் குறைகூறியிருக்கின்றன. ஆனால் ஒரு நிமிடம் திருப்பிப் பார்ப்போம்.

சிங்கப்பூருக்கு வந்து சமய உரையாற்றும் வெளிநாட்டவருக்கும் அனுமதி தேவை. மனிதவள அமைச்சு தரும் 'மிசலேனியஸ் வொர்க் பாஸ்' அதற்குத்தான். அதிகபட்சம் 60 நாள். 2017 செப்டம்பரில், மற்ற சமயங்களைத் தாக்கிப் பேசியதற்காக இரண்டு வெளிநாட்டுக் கிறிஸ்துவப் போதகர்கள் இங்கு உரையாற்ற அனுமதி மறுக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள்.

ஓர் அயல்நாட்டுக் குழு விசிட் பாஸில் வந்து, புளோக் புளோக்காக ஏறி, உங்கள் பாட்டியிடம் துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் பத்தாம் நாள் விமானம் ஏறினால் நமக்கு எப்படி இருக்கும்? அதே கண்ணால் அந்த ஊர்க்காரர்கள் நம்மைப் பார்க்கக்கூடும்.

விலை கொடுப்பது யார்?

2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குள் நுழைந்து அங்குள்ள பழங்குடியினரால் கொல்லப்பட்டார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அவர் தனியாகப் போனவர், சபைக் குழுவோடு போனவர் அல்லர். ஆனால் செய்தியின் பின்பகுதி இங்கே முக்கியம். அவருக்கு உதவியதாகச் சொல்லி 7 பேரைப் போலீஸ் கைதுசெய்தது. அவர்களில் பெரும்பாலோர் மீனவர்கள்.

ஒரு குழு போய்ச் சிக்கல் வந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தென்கொரியாவின் அனுபவத்தைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடையாது. 2007 ஜூலையில் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த 23 பேர் ஆப்கானிஸ்தானில் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார்கள். மருத்துவ, சமூகத் தொண்டூழியத்துக்காகப் போன குறுகியகாலப் பயணம் அது. வழியில் தலிபான் அவர்களைக் கடத்தியது. இரண்டு ஆண்கள் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் சுமார் ஆறு வாரத்தில் விடுவிக்கப்பட்டார்கள். அதற்காகத் தென்கொரிய அரசு தலிபானோடு நேரடியாகப் பேச வேண்டியிருந்தது. ஆண்டு முடிவுக்குள் தன் படையை மீட்டுக்கொள்வதாகவும், தன் நாட்டவரின் மிஷனரிப் பணியை ஆப்கானிஸ்தானில் நிறுத்துவதாகவும் ஒப்புக்கொண்டது.

உள்நாட்டில் அனுதாபத்தோடு கோபமும் வந்தது. "எச்சரிக்கையை மீறிப் போனவர்களுக்காக நாடு ஏன் தலைகுனிய வேண்டும்?" என்று இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். ஏற்கெனவே துயரத்தில் இருந்த குடும்பங்கள் பொதுவில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

நம் குழுக்கள் ஆப்கானிஸ்தானுக்குப் போவதில்லை, சரிதான். ஆனால் கணக்கு ஒன்றே. நேப்பாள மலைக்கிராமத்தில் போலீஸ் வந்தால் பெரும்பாலும் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். தூதரகம் உதவும், அம்மா அப்பா சாங்கி விமான நிலையத்தில் காத்திருப்பார்கள். உங்களுக்கு மொழிபெயர்த்த அக்காவும், வீட்டில் தங்கவைத்த பாஸ்டரும் அந்த ஊரிலேயே இருக்க வேண்டியவர்கள். நீங்கள் நல்லெண்ணத்தில் இன்ஸ்டகிராமில் ஏற்றிய ஞானஸ்நானப் படத்தில் அவர்கள் முகமும் கிராமத்தின் பெயரும் இருக்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அந்தப் படத்தை வையுங்கள்.

பிள்ளைகளோடு எடுத்த செல்ஃபி

மிஷன் டிரிப் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது ஆதரவற்றோர் இல்லப் பிள்ளைகள். கம்போடியாவில் அரசாங்கமும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட 2011 ஆய்வு, அத்தகைய இல்லங்களில் இருந்த நான்கு பிள்ளைகளில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பதாகச் சொன்னது. வறுமையால் விடப்பட்ட பிள்ளைகள் அவர்கள். வெளிநாட்டு வருகையாளரும் நன்கொடையும் கூடக் கூட, இல்லங்களும் கூடின. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, இப்படிப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதும் நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம்தான் என்று ஏற்றுக்கொண்டது.

2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்த சில வாரத்தில், 10 அமெரிக்க பாப்டிஸ்ட் தொண்டூழியர்கள் 33 பிள்ளைகளை உரிய ஆவணமின்றி எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்று கைதானார்கள். அனாதைகளைக் காப்பாற்றுவதாக அவர்கள் சொன்னார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்தது பிறகு தெரியவந்தது.

ஒரு வாரம் மடியில் உட்காரவைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே பஸ் ஏறுகிறோம். அடுத்த வாரம் வேறொரு குழு வரும். அந்தப் பிள்ளை ஓர் ஆண்டில் எத்தனை பேருக்கு டாட்டா காட்டும்?

காசு எங்கே போகிறது?

1998இல் மிட்ச் சூறாவளிக்குப் பிறகு ஹொண்டூராஸில் வெளிநாட்டுக் குழுக்கள் போய் வீடு கட்டிக்கொடுத்தன. அதை ஆராய்ந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர், வெளிநாட்டவர் கட்டிய வீட்டில் இருப்போருக்கும் உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீட்டில் இருப்போருக்கும் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார். ஒரு குழு போய்வரச் சுமார் 30,000 அமெரிக்க டாலர். அங்கே ஒரு வீடு கட்டச் சுமார் 2,000 டாலர். போய்வந்தவர்களின் வாழ்க்கையிலும் நன்கொடைப் பழக்கத்திலும்கூட நீடித்த மாற்றம் குறைவுதான் என்பது அவர் கண்ட இன்னொன்று. அவரும் ஒரு கிறிஸ்துவக் கல்லூரிப் பேராசிரியர்தான்.

அதற்காக எல்லாப் பயணமும் வீண் என்று சொல்லிவிட முடியாது. பல் மருத்துவர், தாதி, தண்ணீர் வடிகட்டி பொருத்தத் தெரிந்தவர் போனால் கதை வேறு. சிமென்ட் குழைக்கத் தெரியாத பதினைந்து பேர் போய்ச் சுவர் எழுப்பினால், மறுநாள் உள்ளூர்க் கொத்தனார்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். உயரத்தில் ஏறிச் செய்யும் வேலையில் அடிபட்டால் இழப்பீடு தராத பயணக் காப்புறுதிகளும் உண்டு. பாலிசியைப் படித்துவிட்டு ஏணியில் ஏறுங்கள்.

பணத்தைக் கையில் கொடுப்பதிலும் கவனம் தேவை. இந்தியாவில் ஒரு சபையோ அறக்கட்டளையோ வெளிநாட்டு நன்கொடை வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். "கூரை போட வச்சுக்குங்க பாஸ்டர்" என்று உறையைக் கொடுத்துவிட்டு வருவது உங்களுக்கு ஒரு நிமிட வேலை. அவருக்கு அது வழக்காகலாம்.

இங்கேயும் விதி உண்டு. வெளிநாட்டு அறப்பணிக்கென்று சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இணையத்தில் லிங்க் போட்டு "என் மிஷன் டிரிப்புக்கு உதவுங்கள்" என்று பகிர்வதற்கு முன் சபை நிர்வாகத்திடம் கேட்பது நல்லது.

பதில் அனுப்பும் முன்

தமிழ்க் கிறிஸ்துவ வரலாற்றிலேயே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் எழுத்தை மணலில் எழுதிப் பழகிய கதை பலருக்குத் தெரியும். 1719இல் அங்கேயே இறந்தார். நடுவில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், சிறைக்கும் போனார். அவர் செய்தது எல்லாம் சரியா என்பது வேறு விவாதம். விலை வந்தபோது அவர் ஊரில் இருந்தார்.

பத்து நாளில் அது முடியாது. முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அதனால் "வர்றேன்" என்று தட்டும் முன், குழுத் தலைவரிடம் சிலவற்றைக் கேட்கலாம். நம்மைக் கூப்பிட்டது அந்த ஊர்ச் சபையா, இல்லை நாமாகப் போகிறோமா? விசாப் படிவத்தில் பயண நோக்கம் என்று என்ன எழுதப் போகிறோம்? மைக் நீட்டினால் என்ன செய்வோம்? படம் எடுக்கலாமா, எப்போது ஏற்றலாம்? அங்கே கொத்தனார் இருக்கும்போது நாம் ஏன் சுவர் கட்டுகிறோம்? வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவுசெய்தாயிற்றா?

நல்ல குழுத் தலைவர் இதற்கெல்லாம் எரிச்சல்பட மாட்டார். சிலர் உடனே அந்த ஊர்ப் பாஸ்டருக்கு வீடியோ கால் போட்டுத் தருவார்கள். அப்படிக் கிடைத்தால் அவரிடம் கேட்க இன்னும் ஒன்று இருக்கிறது: போன ஆண்டு வந்த குழு கிளம்பிய பிறகு உங்கள் ஊரில் என்ன ஆச்சு?