முனி அடித்ததா? நாடி தவறியதா?

நமது சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கத்துக் கைகால் விழுந்துபோனால், ஜனங்கள் உடனே சொல்லுவது என்ன? "முனி அடித்துவிட்டது" என்பதுதான். விபூதி வரும், தாயத்து வரும், கிடாய் வெட்டப் பேச்சு நடக்கும். ஆஸ்பத்திரி மாத்திரம் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும்.

முனியைத் திட்டுமுன் நம்மையும் கொஞ்சம் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நமது தெருவில் தறி நெய்துவந்த பெரியவர் ஒருவர், "நெஞ்சு தாறுமாறா அடிக்குது தம்பி, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது" என்றார். வீட்டார் சனியின் வேலை என்றார்கள். பகுத்தறிவு பேசும் நாமோ, "வயசானா அப்படித்தானுங்க" என்றோம். ஆறு மாதத்தில் அவருக்கு வலது கை போயிற்று; பேச்சும் போயிற்று. சனி என்றவர்களுக்கும் வயசு என்ற நமக்கும் என்ன வித்தியாசம்? இரு திறத்தாரும் காரணத்தைத் தேடவில்லை என்பதுதானே உண்மை?

காரணம் ஒன்றும் ரகசியமல்ல. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காய்ச் சுருங்காமல், நிமிஷத்துக்கு 350 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குவதுண்டு. டாக்டர்கள் இதை ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்கிறார்கள். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் போய் ரத்தக் குழாயை அடைக்கும். பல பேருக்கு விழுந்த முனியின் அடி இதுதான்! இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு.

இது அபூர்வ வியாதியுமல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் எடுத்து 2001-ல் வெளியான கணக்கில், 55 வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும், 80 வயதை எட்டியவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கும் இது இருந்தது. வயது ஏற ஏற மேலறைச் சதையில் தழும்பு விழுகிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, உடற்பருமன், குடி, தைராய்டுக் கோளாறு ஆகியவை அதற்குத் துணை செய்கின்றன.

நமது நாட்டில் வேறொரு காரணமுமுண்டு. நெருக்கடியான வீடுகளில் வளரும் ஏழைக் குழந்தைகளுக்குத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இருதய வால்வைக் கெடுத்துவிடுகிறது. இந்திய இருதயத் துடிப்புச் சங்கத்தார் பதிந்த சுமார் 1,500 நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இந்த வால்வு நோய் இருந்தது. அவர்களுடைய சராசரி வயதும் 55 தான். இது தலைவிதியா, தரித்திரத்தின் விதியா? யோசித்துப் பாருங்கள்.

பரிகாரம் இருக்கிறதா என்றால், தாராளமாய் இருக்கிறது. கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் ஒழுகிச் செத்ததை அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள், கடைசியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் என்ற மருந்தைக் கண்டார்கள். 1954 முதல் அது மனிதருக்கும் கொடுக்கப்படுகிறது. முறையாகச் சாப்பிட்டால் இவ்வித நோயாளிகளின் பக்கவாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு தடுக்கப்படுகிறது. புது மருந்துகளும் வந்திருக்கின்றன. ஆனால் ரத்தக் கசிவுக்கு இடமுள்ளதால் டாக்டர் சொல்லாமல் ஒருவரும் இவற்றைத் தொடக்கூடாது. எந்த மந்திரவாதியாவது தன் தாயத்துக்கு இப்படிக் கணக்குக் காட்டியதுண்டா?

2021 ஆகஸ்டு 5-ந் தேதி துவக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடாயிற்று. அழுத்தம் பார்க்கப் பிடித்த அதே கையில் ஒரு நிமிஷம் நாடியையும் பார்த்தால் என்ன குடி முழுகிப்போகும்? சர்க்கார் இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை நாம் செய்யலாம். வீட்டுப் பெரியவரின் மணிக்கட்டில் பெருவிரலடியில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். தாளம் தவறித் தவறி வந்தால், மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். வாய் கோணிவிட்டாலோ நாழிகை பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தப் பெரியவரின் கையை நாம் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்திருந்தால், அந்தக் கை இன்றும் தறி நெய்துகொண்டிருக்கலாம்.