நான்கு என்னும் எண்ணுக்குள்

மார்பகத்தின் எக்ஸ்ரேயான மேமோகிராம் படத்தில் உப்புத்தூள்போல் சிதறித் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகள் உருண்டையாகப் பரவியிருக்கின்றனவா, அன்றி ஓரிடத்தில் நெருங்கி உருச்சிதைந்து நிற்கின்றனவா என்பதையும், கட்டியின் விளிம்பு வழவழப்பாயுள்ளதா, கூரிய இழைகளாக நீண்டு சுற்றியுள்ள திசுவை இழுக்கிறதா என்பதையும், பழைய படங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பிறகே கதிரியல் மருத்துவர் 0 முதல் 6 வரையுள்ள ஓர் எண்ணை அறிக்கையில் எழுதுகிறார். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993இல் வெளியிட்ட ‘பைராட்ஸ்’ முறை இது.

0 என்று கண்டு ஆறுதலடைவோர் உண்டு. இன்னும் படம் எடுக்கவேண்டும் என்பதே அதன் பொருள். 3 என்றால் புற்றுநோய்க்கான சாத்தியம் நூற்றுக்கு 2க்கு மேல் இராது. வழக்கமாக ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். 4 என்பதோ 2க்கு மேல் 95 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு வரை விரிந்து கிடப்பதால், ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்னும் உட்பிரிவைக் குறிப்பிடாமலும், அதன் காரணத்தைத் தமிழில் ஐந்து நிமிஷம் எடுத்துரைக்காமலும், ஊசியால் திசு எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது அவளை அநாவசியமான பீதிக்கு ஆளாக்குவதாகும் என்பது என் திடமான அபிப்பிராயம். திசுப் பரிசோதனையில் தோஷமில்லை என்று வந்த பின்னரும், படத்தில் கண்ட லட்சணங்களோடு அந்த முடிவு பொருந்துகிறதா என்று மருத்துவர்கள் கலந்து விசாரிக்கவேண்டும். பொருந்தாவிடில் மறுபடியும் திசு எடுப்பதே நியாயம்.